படிவத்தில் இல்லாத கட்டம்

இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வெளியே கிடந்த பெஞ்சில் கேன்டீன் மாஸ்டர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்து அவர் மனைவிக்குச் சிரிப்பு வந்தது.

"இப்ப மட்டும் உட்கார முடியுதாக்கும்?"

"ஊசி போட்டு முப்பது வருஷம் ஆச்சுடி."

"எனக்கும்தானே போட்டாங்க. நான் என்ன பாவம் பண்ணேன்?"

அவர் பெஞ்சில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

கல்யாணமான புதிதில் சாலை போடும் ஆட்களுக்குச் சமைக்கப் போனவர், திரும்பும்போது சிபிலிஸ் என்னும் பால்வினை நோயோடு வந்தார். அவளுக்கும் தந்தார். மூன்று மாதம் அவள் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் ணங்கென்று வைப்பாள். இருவருக்கும் வாரம் ஒன்றாக மூன்று வாரம் இடுப்பில் ஊசி. கடைசி ஊசியன்று பஸ் காலி. இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "சீட்டுல என்ன முள்ளா இருக்கு?" என்றார் கண்டக்டர். "சீட்டுல இல்லைங்க" என்றார் இவர். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். தன் குடித்தனம் தொடங்கியது அந்த பஸ்ஸில்தான் என்பது மாஸ்டரின் எண்ணம்.

தொழிற்சாலை கேன்டீனை இந்த மாதம் புதிய காண்ட்ராக்ட் கம்பெனி எடுத்திருந்தது. பத்தொன்பது வருடம் அங்கே சமைத்தவருக்கும் புதிதாக இரத்தப் பரிசோதனை. சிபிலிஸ் பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. இன்று மதியத்துக்குள் வேறு சான்று காட்டாவிட்டால் வேலை போய்விடும். அதற்காகத்தான் நேற்று இங்கே மறுபடி இரத்தம் கொடுத்திருந்தார்.

டெக்னீசியன் பெண் இரண்டு தாள்களோடு வெளியே வந்தாள்.

"ஐயா, கம்பெனில எடுத்த டெஸ்ட், நோய் எப்பவாவது வந்திருந்தாலே காட்டிடும். குணமானாலும் பெரும்பாலும் ஆயுசுக்கும் பாசிட்டிவ்தான். உடம்பு மறக்காது."

"இவளும் மறக்க மாட்டா."

"சும்மா இருங்க" என்றாள் மனைவி.

"நேத்து எடுத்தது வேற டெஸ்ட். நோய் அடங்கினா இதுல அளவு இறங்கும். உங்களுக்கு நெகட்டிவ். ஊசி போட்ட பழைய சீட்டையும் பார்த்துட்டு டாக்டர் எழுதிட்டார்: முன்னமே குணமானது, மருந்து வேண்டாம். சாப்பாட்டுல இது பரவவும் பரவாது."

பழைய சீட்டைத் துணிப்பெட்டியில், கல்யாணப் படத்துக்கு அடியில் வைத்திருந்தவள் மனைவிதான். "சண்டைக்கு உதவும்னு வச்சேன்" என்றாள். பஸ் வந்ததும் சொன்னாள்: "உட்கார்ந்தே போங்க."

கேன்டீனில் புதுக் கம்பெனியின் சூப்பர்வைசர் தாளை இரண்டு முறை படித்தான். சின்ன வயசு.

"எனக்குப் புரியுது மாஸ்டர். ஆனா படிவத்துல பாசிட்டிவ், நெகட்டிவ்னு ரெண்டே கட்டம். பாசிட்டிவ்னா சமையலுக்கு ஆகாதாம். மேல ஒரு வரி எழுதக்கூட இடமில்ல."

"பின்பக்கம் எழுது தம்பி. ஊசியும் அங்கதான் போட்டாங்க."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு சிரித்ததற்கே வருத்தப்பட்டவன் போல முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஆபீஸ்ல கேட்டுட்டேன். முடியாதுன்னுட்டாங்க. உட்காருங்க, வேலையிலிருந்து நிக்கிறதுக்கு ஒரு கையெழுத்து."

மாஸ்டர் நின்றபடியே போட்டார்.

"அப்புறம்..." அவன் தரையைப் பார்த்தான். "புது ஆள் நாளைக்குத்தான் வரார். இன்னைக்கு முந்நூறு பேர் சாப்பிடணும்."

"பருப்பை ஊற வச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே மாஸ்டர் ஏப்ரனைக் கட்டினார்.

மணி அடித்ததும் வரிசை வந்தது. முகத்தைப் பார்க்காமலே, நீட்டிய தட்டைப் பார்த்தே அவருக்கு ஆள் தெரியும். வெல்டருக்குச் சாம்பார் தெளிவாக, லேத்காரருக்குக் கெட்டியாக. ஓரத்தில் சொட்டைவிழுந்த தட்டுக்கு மிளகாய் வராமல். "என்ன மாஸ்டர், இன்னைக்கு ருசி தூக்குது?" என்றார் வெல்டர். "சட்டியைக் கழுவிட்டேன்" என்றார் மாஸ்டர்.

கடைசியாக சூப்பர்வைசர் வந்தான். அண்டாவின் பக்கத்திலேயே நின்று சாப்பிட்டான். தட்டை விரலால் வழித்துவிட்டு மறுபடி நீட்டினான்.

"இன்னும் ஒரு கரண்டி, மாஸ்டர்."

பாசிட்டிவ் கட்டத்தில் டிக் போட்ட படிவம் அவன் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. மாஸ்டர் அடியிலிருந்து கெட்டியாகக் கிளறி எடுத்து, படிவத்தின்மேல் ஒரு சொட்டும் சிந்தாமல் தட்டில் ஊற்றினார்.