சுவருக்கு அந்தப் பக்கம்

அந்த ஊரில் சுற்றிப் பார்க்க மூன்று இடங்கள் உண்டு. நிலக்கரி தோண்டிய பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்று ஏரியாகிவிட்டது. அதில் மிதிபடகு விடுகிறார்கள். சுரங்க மேனேஜர் குடியிருந்த பங்களா அருங்காட்சியகமாகிவிட்டது. மூன்றாவது, மூடிப்போன சுரங்கம். கூட்டம் அலைமோதுவது அங்கேதான்.

சுரங்க வாசலில் டிக்கெட் கிழிப்பவள் ஊருக்கே அண்ணி. அவள் புருஷன் சுரங்கத்தில் வேலை பார்த்தவன், ஊர் கால்பந்து அணியின் கோல்கீப்பராக இருந்தவன், எல்லோருக்கும் அண்ணன். ஹெல்மெட் மாட்டி ஆட்களை உள்ளே கூட்டிப்போவது அவனுடைய சொந்தத் தங்கை.

இருபது வருஷத்துக்கு முன்னால் அடிச்சுரங்கத்தில் தீப்பிடித்தது. அண்ணனோடு பத்துப் பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். தீ பரவாமலிருக்க நிர்வாகம் குறுக்கே சுவர் எழுப்பியது. அந்தச் சுவரின் முன்னால் நின்றுதான் தங்கை தன் பேச்சை முடிப்பாள்.

"யாரும் கஷ்டப்படலைங்க. புகை வந்த நிமிஷமே மூச்சு நின்னுடுச்சு."

நிர்வாகம் அன்று சொன்னது அது. இத்தனை வருஷமும் அண்ணி அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினாள்.

சுவரைக் கட்டிய கொத்தனார் அவளுக்குப் பக்கத்து வீடு. கூரை ஒழுகினாலும் தரை பெயர்ந்தாலும் கூப்பிடாமலே வந்து சரிசெய்வார். கூலி வாங்கமாட்டார், வீட்டுக்குள் உட்காரவும்மாட்டார். ஊரில் அவருக்கு 'சும்மா கொத்தனார்' என்று பெயர்.

போன மாதம் நகராட்சித் தலைவர் சுரங்கத்துக்குள் ஒலி ஒளிக் காட்சி ஒன்றை ஏற்பாடு செய்தார். தொடக்க நாளன்று வெளியூர்க்காரர்களோடு ஊர்க்காரர்களும் இறங்கினார்கள். சுவரைக் கட்டியவர் என்று கொத்தனாருக்கு முன்வரிசையில் நாற்காலி. வேண்டாமென்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், விடவில்லை.

விளக்கு அணைந்தது. புகை கிளம்பியது. சுவருக்குப் பின்னாலிருந்து படபடவென்று தட்டும் சத்தம். திகிலூட்டுவதற்காக ஒலி அமைத்தவர் தானாகச் சேர்த்தது அது. யாரோ வீலென்று கத்த, நாலைந்து பேர் சிரித்தார்கள்.

கொத்தனார் எழுந்துவிட்டார்.

"நிறுத்துங்க. இப்படி இல்ல."

"எது இப்படி இல்ல?" என்றார் தலைவர்.

"இவ்ளோ வேகமா தட்டல. மூணு தட்டு தட்டுவாங்க. அப்புறம் நிறுத்திடுவாங்க. நாங்க பதிலுக்குத் தட்டுறோமான்னு காத்திருப்பாங்க."

இதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் கைதட்டினார்கள். ஊர்க்காரர்கள் ஒருவரும் அசையவில்லை.

கடைசி வரிசையிலிருந்த அண்ணி எழுந்து அவர் முன்னால் வந்தாள்.

"எவ்வளவு நேரம்ண்ணே?"

அவர் தலை குனிந்திருந்தது. "கலவை காயுற வரைக்கும்."

அன்று சாயங்காலமே கொத்தனார் வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. மறுநாள் டீக்கடையில் அவரைக் கண்டதும் எல்லோரும் எழுந்து போனார்கள். செத்தவர்களின் வீடுகளில் நேற்றுத்தான் சாவு விழுந்த மாதிரி அழுகை.

தலைவர் தங்கையைக் கூப்பிட்டனுப்பினார்.

"கொத்தனார் சொன்ன மாதிரியே சத்தத்த மாத்தச் சொல்லிட்டேன். நெஜம்னா இன்னும் கூட்டம் வரும்மா. நீயும் அந்த 'கஷ்டப்படல'ங்கிறத விட்டுடு."

தங்கை ஹெல்மெட்டைக் கழற்றி அவர் மேஜைமேல் வைத்தாள்.

"எங்கண்ணன் தட்டுனதுக்கு நீங்க டிக்கெட் போட்டுக்குங்க. நான் வரல."

வீட்டுக்கு வந்தபோது அண்ணி வெளியே கிளம்பிக்கொண்டிருந்தாள். போகுமிடம் தெரிந்ததும் தங்கை வழியை மறித்தாள்.

"அந்தாளு மூஞ்சில எப்படி அண்ணி முழிப்பீங்க?"

"ஒண்ணு கேக்கணும். நகரு."

கொத்தனார் உடைந்த கண்ணாடியைப் பொறுக்காமல் அதன் நடுவிலேயே உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தீ இந்தப் பக்கம் தாவினா மத்த எல்லாரும் போயிடுவாங்கன்னு மேனேஜர் சொன்னாரு. உண்மையாக்கூட இருக்கலாம். ஆனா கல்ல வச்சது இந்தக் கைதாம்மா."

"அத கேக்க வரல. தட்டுனதோட சரியா? குரல் ஏதாவது கேட்டுச்சா? யார் பேராவது சொன்னாங்களா?"

கொத்தனார் வாயைத் திறந்தார், மூடினார்.

"இல்லம்மா. ஒண்ணும் கேக்கல."

பொய்யென்று அவளுக்குத் தெரிந்தது. இன்னொரு தடவை கேட்டால் சொல்லிவிடுவார் என்பதும் தெரிந்தது. அவள் கேட்கவில்லை.

குனிந்து, அவர் காலடியில் கிடந்த பெரிய கண்ணாடித் துண்டுகளை மட்டும் எடுத்து ஓரமாக வைத்தாள்.

"ஜன்னல் பக்கம் படுக்காதீங்கண்ணே. இன்னிக்கும் எறிவாங்க."