முன்னால் எட்டு நிமிடம்

பச்சைக் கம்பெனி கண்டக்டர் ஒருவன் வெள்ளைக் கம்பெனி டிரைவரின் வாயில் வீல் ஸ்பேனரால் போட்டபோது பல் ஒன்று தெறித்து என் நோட்டின் மேல் விழுந்தது. அதைத் தட்டிவிட்டு 7.42 என்று எழுதினேன். கல்நெஞ்சக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பதினொரு வருடமாக அந்தப் பெட்ரோல் பங்க் முனையில் நின்றவள் நான். டைமிங் சண்டைக்கெல்லாம் பென்சிலை நிறுத்தினால் அடுத்த வண்டியின் நேரம் தவறிப்போகும்.

எங்கள் மலைச்சரிவுக் குடிசைகளிலிருந்து லிமா நகரத்துக்குள் போக ஒரே சாலைதான். அதில் பச்சை மினிபஸ் நாற்பது, வெள்ளை மினிபஸ் நாற்பது. கம்பெனி என்ற பெயர்தான். சம்பளம் கிடையாது, ஏறுகிற ஆளை வைத்துத்தான் டிரைவருக்குச் சோறு. அதனால் ஒவ்வொரு டிரைவருக்கும் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: எதிரி வண்டி எத்தனை நிமிடம் முன்னால் போகிறது? ஒரு நிமிடம் என்றால் மிதித்துப் போய் அவனைத் தாண்ட வேண்டும், இல்லாவிட்டால் வழியெல்லாம் அவனே வாரிக்கொண்டு போயிருப்பான். எட்டு நிமிடம் என்றால் ஸ்டாப்புகளில் கூட்டம் சேர்ந்திருக்கும், நிதானமாக நின்று நின்று ஏற்றலாம். வண்டி என் முனையில் வேகம் குறைக்கும். நான் கத்துவேன். ஜன்னல் வழியாக ஒரு சில்லறைக் காசு வந்து விழும். என்னைப்போல இந்தச் சாலையில் வேறு ஆட்களும் நின்றார்கள். ஆனால் ஸெனோபியா சொன்னால் சரியாக இருக்கும் என்று இரண்டு கம்பெனியிலும் பேர் எடுத்தவள் நான் ஒருத்திதான்.

என் தம்பி அபெலினோ பச்சைக் கம்பெனியில் பதினேழாம் வண்டி ஓட்டியவன். ஒருநாள் கம்பெனி இன்ஸ்பெக்டரின் மூக்கை உடைத்தான். அந்த ஆள் அம்மாவைப் பற்றிப் பேசினான், இவன் உடைத்தான். அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் வண்டி போய்விட்டது. ஐந்து மாதம் வீட்டில் கிடந்தான். முதல் மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குடித்தான். ஒருநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது கூரைக் கம்பியில் கயிற்றை மாட்டி நின்றவனை நானே இடுப்பைப் பிடித்துத் தூக்கி இறக்கினேன். கன்னத்தில் நான்கு அறை அறைந்தேன். பிறகு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அழுதோம்.

"வண்டி இல்லாம நான் என்ன மனுஷன், அக்கா?" என்றான்.

இந்த நேரத்தில்தான் பச்சைக் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்தார். பெயர் ஃபப்ரிசியோ. நிர்வாகப் படிப்பு படித்தவர், முதலாளியின் மருமகன். வண்டிக்கு வண்டி சாட்டிலைட் கருவி வைத்தார், டெர்மினலில் பெரிய திரை வைத்தார். எந்த வண்டி எங்கே என்று திரையில் புள்ளி புள்ளியாக நகர்ந்தது. வெள்ளைக் கம்பெனியிடம் அதெல்லாம் கிடையாது. அவர்களுக்குக் கண்ணும் காதும் நான்தான். என் பிழைப்பில் பாதி போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது அவரே மூலிகைக் கஷாயம் இரண்டு கிளாஸ் வாங்கிக்கொண்டு முனைக்கு வந்தார்.

"மேடம், எங்க வண்டிங்களுக்கு இனிமே நீங்க தேவையில்ல. ஆனா அவங்களுக்குத் தேவை. அதுதான் எனக்கு வேணும்."

"புரியற மாதிரி சொல்லுங்க, சார். நான் உங்க காலேஜ்ல படிக்கல."

"கிட்ட இருந்தா தூரம்னு சொல்லுங்க. தூரமா இருந்தா கிட்டன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். கூட்டம் நிக்கிற எடத்துல அவன் நிக்காம பறப்பான். ஆளே இல்லாத எடத்துல காத்துக்கிட்டு கெடப்பான். பின்னால வர்ற எங்க வண்டி அள்ளிக்கிட்டுப் போகும். ஆறு மாசத்துல பாதிப் பேர் ரூட்டை விட்டே ஓடிருவாங்க. சண்டையே இல்லாம ஜெயிக்கிறது, மேடம். இதுக்குப் பேருதான் உத்தி."

"இதுக்குப் பேரு அயோக்கியத்தனம்."

அவர் சிரித்தார். கஷாயத்தை ஊதிக் குடித்தார். "பதினேழாம் வண்டி சும்மாதான் நிக்குது," என்றார்.

கோபம் வந்தது. கிளாஸை அவர் முகத்தில் வீசியிருக்கலாம். வீசவில்லை. அன்று மாலை அபெலினோ சவரம் செய்துகொண்டான், என் கையால் இரண்டு தட்டு சோறு தின்றான். மறுநாள் காலை பதினேழு என் முனையைத் தாண்டும்போது ஹாரனை மூன்று முறை அடித்தான். நான் அழுதுகொண்டே அடுத்து வந்த வெள்ளை வண்டிக்கு "எட்டு!" என்று கத்தினேன். பதினேழு போய் ஒரு நிமிடம்தான் ஆகியிருந்தது.

சண்டையில்லாத ஜெயிப்பு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். முதல் வாரம் வெள்ளை டிரைவர்கள் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் பச்சை வண்டிகளின் சைடு மிரர்களைக் கல்லால் உடைத்தார்கள். பச்சைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சந்தை ஸ்டாப்பில் ஒரு வெள்ளை கண்டக்டரைக் கதவில் சட்டை மாட்டியபடியே அரை பர்லாங் இழுத்துப் போனார்கள். முழங்காலில் தோலே இல்லை அவனுக்கு. ஒருவன் ரேடியேட்டர் வெந்நீரை எதிரி ஜன்னலுக்குள் ஊற்றினான், உள்ளே உட்கார்ந்திருந்த பெண்ணின் கழுத்து வெந்துபோனது. நான் பார்த்தேன், எழுதினேன், கத்தினேன். திரையில் புள்ளிகள் ஒழுங்காக நகர்ந்தன என்று ஃபப்ரிசியோ சொன்னார்.

வெள்ளை டிரைவர்களில் தெயோபிலோ அண்ணன் மூத்தவர். கண்டக்டராக அவர் மனைவி ரொசால்பினாவே படியில் நின்று கூவுவாள். பதினொரு வருடத்தில் காசை அவர் ஜன்னல் வழியாக எறிந்ததே இல்லை; கையில் வைப்பார். ஞாயிற்றுக்கிழமையானால் ரொசால்பினா வள்ளிக்கிழங்கும் பன்றி வறுவலும் வைத்த ரொட்டி ஒன்று பொட்டலம் கட்டித் தருவாள்.

மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை அவருக்கு "ஒண்ணு!" என்று கத்தினேன். முன்னால் எட்டு நிமிடத்துக்கு ஒரு வண்டியும் இல்லை. மனுஷன், முன்னால் இல்லவே இல்லாத ஒரு வண்டியை விரட்டிக்கொண்டு பறந்தார். பின்னால் வந்த பச்சை வண்டி, அவர் ஓடுகிறாரே என்று அதுவும் மிதித்து, பாலத்தடியில் குறுக்கே வெட்டியது. தெயோபிலோ பிரேக் போட்டார். படியில் நின்ற ரொசால்பினா வெளியே போய் விழுந்தாள், பச்சை வண்டியின் பின்சக்கரம் அவள் வலது கைமேல் ஏறியது. முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற தைரியம் எனக்கு வரவில்லை. வீட்டில் அபெலினோவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தட்டை நகர்த்தி வைத்தான்.

"எனக்காகவா இதப் பண்ண?"

"பின்ன யாருக்காகடா? எனக்கு வேற யாரு இருக்கா?"

"நிறுத்திரு, அக்கா. வண்டி போனா போகட்டும்."

"போனா நீ மறுபடியும் கயித்தத் தேடுவ."

அவன் நிமிர்ந்து கூரைக் கம்பியை ஒருமுறை பார்த்தான். அந்தப் பார்வைதான் எனக்குப் பயம். அதனால் ஒரு அரைகுறை முடிவு எடுத்தேன். மற்றவர்களுக்குப் பொய்யே சொல்வது, தெயோபிலோ அண்ணனுக்கு மட்டும் உண்மை சொல்வது. ஒருவருக்குச் சொன்னால் ஃபப்ரிசியோவுக்குத் தெரியாது, தம்பியின் வண்டிக்கும் ஆபத்தில்லை. ரொம்பப் புத்திசாலி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

பதினொரு நாள் கழித்துத்தான் அவர் வண்டியை எடுத்தார். கதவடியில் புதிய ஆள் ஒருவன் நின்றான். காலை பனித்தூறல் விழுந்துகொண்டிருந்தது, ரோடு வழுக்கலாக இருந்தது. கடைசியாகப் போன பச்சை வண்டி அபெலினோவுடையது. நோட்டைப் பார்த்தேன். சரியாக எட்டு நிமிடம் ஆகியிருந்தது. தெயோபிலோ வேகம் குறைத்து, எப்போதும்போலக் காசை என் கையில் வைத்தார். சிரித்தார்கூட.

"எத்தன, தங்கச்சி?"

"எட்டு, அண்ணே. முழுசா எட்டு. மெதுவா போங்க."

என் கண்ணை ஒரு நொடி பார்த்தார். பிறகு கியரை மாற்றி மிதித்தார், வண்டி அலறிக்கொண்டு கிளம்பியது. "மெதுவா!" என்று பின்னாலேயே ஓடிக் கத்தினேன். எனக்கு விளங்கவே இல்லை. எட்டு என்றால் எதற்கு இந்த ஓட்டம்?

சத்தம் இரண்டு நிமிடத்துக்குள் கேட்டது. முதலில் டயர் வழுக்குகிற சத்தம், பிறகு இரும்போடு இரும்பு மோதுகிற சத்தம். நோட்டைப் போட்டுவிட்டு ஓடினேன்.

சிலிண்டர் கடை வளைவுக்கு அப்பால் பதினேழாம் வண்டி பஞ்சராகி நின்றிருந்தது. அபெலினோ ஆட்களை இறக்கி ஓரமாக நிற்க வைத்துவிட்டு, பின்சக்கரத்து நட்டைக் கழற்றி முடித்து, மாற்றுச் சக்கரத்தை எடுக்க வண்டிக்குப் பின்னால் நின்றிருந்திருக்கிறான். ஆறு நிமிடமாக அங்கேயே நிற்கிற அந்தப் புள்ளி ஃபப்ரிசியோவின் திரையில் தெரிந்திருக்கும். எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குச் சொல்கிற வேலை அந்த ஏற்பாட்டில் யாருக்கும் இல்லை.

இரண்டு வண்டிக்கும் நடுவே அவன் மார்பு வரை நசுங்கியிருந்தான். வெள்ளை வண்டியை நாலு பேர் பின்னால் தள்ளியதும் என்மேல் சரிந்தான். வாயிலிருந்து ரத்தம் கொப்பளித்தது. என்னவோ சொல்லப் பார்த்தான். சொல்வதற்குள் போய்விட்டான். தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் போட்ட கூச்சலில் எனக்கே தொண்டை கிழிந்தது.

தெயோபிலோவை ஜன்னல் வழியாக வெளியே இழுத்தார்கள். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. எனக்கு எதிரில்தான் விழுந்தார்.

"எட்டுன்னுதானே சொன்னேன்!" என்று கத்தினேன். "மெதுவா போன்னு சொன்னேனே, பாவி! ஏன் மிதிச்ச?"

"நீ எட்டுன்னா ஒண்ணுதானே, தங்கச்சி," என்றார். கோபமே இல்லாமல் சொன்னார், அதைத்தான் தாங்க முடியவில்லை. "ரொசால்பினா கை போன அன்னிக்கே எங்க ஆளுங்க உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்துட்டாங்க. ஸெனோபியா சொல்றதத் திருப்பிப் போட்டுக்கோன்னு டெர்மினல்ல எழுதியே ஒட்டியிருக்கு. மெதுவான்னியா, அப்போ ஓடணும்னு நெனச்சேன்."

உத்தி எங்களிடம் மட்டும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். என் பொய் அவர்களுக்கு என் உண்மையைவிடத் துல்லியமாக வேலை செய்திருக்கிறது. அதனால்தான் காசும் கொடுத்தார்கள், சிரிக்கவும் சிரித்தார்கள்.

அதற்குள் பின்னால் வந்த பச்சை வண்டிகள் மூன்று நின்றுவிட்டன. டிரைவர்களும் கண்டக்டர்களும் இறங்கி ஓடி வந்தார்கள். ஆளாளுக்குக் கையில் ஸ்பேனர், ஜாக்கிக் கம்பி. முன்னால் வந்தவன், என் நோட்டின் மேல் பல் தெறித்த அன்று அடித்த அதே தடியன், தெயோபிலோவின் முடியைப் பிடித்துத் தூக்கினான்.

"அக்கா, இவன்கிட்ட எத்தனன்னு சொன்ன?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மடியில் தம்பியின் தலை சூடாக இருந்தது.

"எட்டு," என்றேன்.

"எட்டுன்னு சொல்லியுமாடா இப்படி வந்த? வேணும்னே இடிச்சியா? பொண்டாட்டி கைக்குப் பழியா?"

முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. தெயோபிலோ முழங்காலில் நின்று என் பக்கம் கையை நீட்டினார்.

"மிச்சத்தையும் சொல்லு, தங்கச்சி! முழுசாச் சொல்லு!"

சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம்தான். மேனேஜரோடு நான் போட்ட ஏற்பாடு இந்த ஆட்களுக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் அந்த ஸ்பேனர்கள் என் பக்கம் திரும்பியிருக்கும். பயம் என்று சொன்னால் அது பாதி உண்மை. என் தம்பியைக் கொன்றவன் அடிபடட்டும் என்று அந்த நேரம் எனக்கு வெறியாக இருந்தது. அவனைக் கொன்றவள் யார் என்று தெரிந்தும் இருந்தது. தெயோபிலோ இன்னும் இரண்டு முறை என்னைக் கூப்பிட்டார். நான் அபெலினோவின் காதுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

அவர் கூப்பிடுவது நின்ற பிறகு வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் மட்டும் திரும்பிப் பார்த்து, "பாவம், தம்பி போன துக்கத்துல உளறுது," என்றான்.