இரண்டாவது கையெழுத்து

வார்டில் அவளுக்கு வைத்திருந்த பெயர் சிசிடிவி அக்கா. மூன்று மாதமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, நர்ஸ்கள் இன்சுலின் போடுவதைப் பார்த்துப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். சிகிச்சையில் நேரும் தவறுகளை எப்படித் தடுப்பது என்று ஓர் ஆய்வு. பதினெட்டு வருடம் நர்ஸாக நின்றே தேய்ந்த முழங்கால்களுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்ததே பெரிது என்றுதான் வந்தாள். இப்போது முதுகும் போயிற்று.

விதி எளிது. ஒரு நர்ஸ் மருந்தை இழுக்க வேண்டும். இன்னொருத்தி சிரிஞ்சைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்தாறு கட்டிலுக்கு இரண்டே நர்ஸ்கள் இருக்கிற இடத்தில் அந்த இன்னொருத்தி எங்கே வருவாள்? "பாத்துட்டேன்" என்று அந்தக் கோடியிலிருந்து குரல் மட்டும் வரும். கையெழுத்து பிற்பாடு மொத்தமாக விழும். விதி போட்ட மகராசர்கள் ஒரு நாள் இங்கே வந்து நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.

அன்று மதியம் அப்படிக் குரல் கொடுத்தது அதே வார்டில் நர்ஸாக இருக்கும் அவளுடைய சொந்தத் தங்கை. ஆறாம் கட்டில் பெரியவருக்கு நாலு யூனிட். கட்டிலருகே நின்ற மற்ற நர்ஸ் கையில் சிரிஞ்சு நிறைய மருந்து. ஸ்டூலிலிருந்தே தெரிந்தது, நாற்பது. சிசிடிவி அக்கா எழுந்த வேகத்தில் படிவங்கள் தரையெல்லாம் சிதறின.

"நில்லும்மா! போடாதே!"

ஊசி பெரியவரின் வயிற்றுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. "முடிஞ்சிடுச்சாம்மா?" என்றார் அவர்.

அந்த நர்ஸ் கை கழுவும் தொட்டியருகே போய் அழுதாள். தங்கை அழவில்லை. படிவங்களைப் பொறுக்கிக் கொடுத்தாள்.

"அக்கா, இதை எழுதாதே. ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியிருக்கேன். இன்னொண்ணு வந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"பேர் போட மாட்டேன்டி."

"நேரம் போடுவே இல்ல? டூட்டில ரெண்டே பேரு. கண்டுபிடிக்க ஜோசியமா பாக்கணும்?"

தங்கையை இந்த வேலைக்கு இழுத்துவிட்டதே அவள்தான். படிவத்தை நேராக்கி, பேனாவைத் திறந்தாள். தாளின் அடியில் "உடனிருந்து பார்த்த இரண்டாவது ஆய்வாளர்" என்ற இடத்தில் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. கீழ்மாடியில் இருக்கும் சக ஆய்வாளர் தினமும் காலையில் இருபது வெற்றுத் தாள்களில் போட்டுக் கொடுத்துவிடுவார். மாடி ஏற அவருக்கு நேரமில்லை. மூன்று மாதமாக இதே கதைதான். ஒரு நாளும் அவள் கண்ணை அது உறுத்தியதில்லை.

தங்கையும் பார்த்துவிட்டாள். "அடிப்பாவி," என்றாள்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தக் கையெழுத்தை அடித்துவிட்டு எழுத ஆரம்பித்தாள்: 'மூன்று மாதப் படிவங்களிலும் இரண்டாவது ஆய்வாளர் பார்க்காமலே கையெழுத்திட்டிருக்கிறார். வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டவள் நான்.' தன் பெயரைப் போட்டாள். அதன் கீழே ஆறாம் கட்டில், நாலுக்கு நாற்பது, நேரம், முப்பத்தாறு கட்டிலுக்கு இரண்டு பேர்.

"உன் வேலையும் போச்சு," என்றாள் தங்கை.

"சேர்ந்தே போவோம்."

அழுத நர்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புது சிரிஞ்சோடு தங்கையைக் கூப்பிட்டாள். "அக்கா, நாலு யூனிட். பாக்குறீங்களா?"

தங்கை இந்த முறை குரல் கொடுக்கவில்லை. ஆறாம் கட்டில்வரை நடந்துபோய், சிரிஞ்சை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். அதற்குள் அந்தக் கோடியில் இரண்டு கட்டில்களில் மணி அடித்தது. போக ஆள் இல்லை.