கால்மிதி உதறப் போனவள்

வண்டியின் முதல் படியில் கால் வைத்த மகள் இரண்டாவது படி ஏறவில்லை. கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா, என்ன நாத்தம் இது? இதுக்குள்ள எப்படி இருக்கீங்க?"

லாரிக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன்னால் வந்த காய்ச்சல், போகும்போது அவருடைய மோப்பத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. அது அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். பால் கெட்டதா, சோறு அடிப்பிடித்ததா என்று அவருக்கும் சேர்த்து அவளே மோந்து சொல்வாள். அவளும் போய்ச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது.

"காத்து அந்தப் பக்கம் அடிக்குதும்மா" என்று மென்று முழுங்கினார்.

மகள் ஏமாறுகிறவள் இல்லை. அம்மாவின் பிடிவாதம் அப்படியே அவளிடம் இருந்தது. "அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன். இது போகலைன்னா வண்டியை வித்துட்டு எங்க வீட்டுக்கு வந்துடணும். பேச்சே கிடையாது" என்று சொல்லிவிட்டுப் படியிலிருந்தே திரும்பிப் போனாள்.

நாற்பது வருடம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றதும் அவரும் மனைவியும் ஆசைப்பட்டு வாங்கிய கேம்பர் வண்டி அது. ஒருவர் திரும்பிப் படுத்தால் மற்றவரும் திரும்ப வேண்டிய படுக்கை, இரண்டு கண் அடுப்பு, கதவைச் சாத்திய பிறகே உட்கார இடம் கிடைக்கும் கழிவறை. ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, அவளுக்கு முழங்கால் வலி வந்த பிறகு, இதுபோன்ற வண்டிகள் நிற்கும் மைதானத்தின் ஓரத்தில், கழிவுத் தொட்டியை அங்கிருந்த சாக்கடைக் குழாயோடு இணைத்து நிறுத்திக்கொண்டார்கள். மகள் வீடு மூன்றாவது மாடியில் நல்ல வீடுதான். மாப்பிள்ளையும் தங்கமானவர். ஆனால் அந்த வீட்டில் மனைவி குடியிருந்ததில்லை. இங்கே எதை எடுக்கக் கையை நீட்டினாலும் அது அவள் வைத்த இடத்தில் இருந்தது. அதற்கு மேல் அவருக்குக் காரணம் தேவைப்படவில்லை.

முதல் நாள் ஒரு முழுப் பாட்டில் ஃபினாயிலைக் கொட்டினார். போதாதென்று கார்களில் தொங்கவிடும் வாசனை அட்டைகள் நான்கை வாங்கி மாட்டினார். பலன் எப்படி என்று தெரிந்துகொள்ள மைதானத்துக் குழாய்க்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பூ வச்ச சாக்கடை மாதிரி இருக்குண்ணே" என்றார் குழாய்க்காரர். வண்டிக்கு அடியில் குனிந்து, கழிவுத் தொட்டியைத் திறந்து மூடும் பிடியைத் தொட்டுப் பார்த்தார். "இதை எப்பவும் திறந்தேவா வச்சிருக்கீங்க?"

"பின்ன? போறது போய்ட்டே இருக்கட்டுமேன்னுதான்."

"அங்கதாண்ணே தப்பு. தண்ணி மட்டும் ஓடிடும். மத்ததெல்லாம் உள்ளேயே உக்காந்து காஞ்சு கெட்டியாயிடும். மூடி வச்சு, தொட்டி முக்கால்வாசி நிறைஞ்சப்புறம் ஒரே இழுப்பா இழுத்துவிடணும். அப்பதான் தண்ணி எல்லாத்தையும் அடிச்சுக்கிட்டுப் போகும்."

"இங்க நிறுத்தினதுலேர்ந்து பதினோரு வருஷமா இப்படித்தான் வச்சிருக்கேன். ஒரு நாள் நாறினதில்ல."

"அப்ப வேற யாரோ மூடியிருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் குழாய்க்காரர் கையைத் துடைத்துக்கொண்டார்.

லாரிக்காரர் வாசலில் கிடந்த கால்மிதியைத் திரும்பிப் பார்த்தார். பிடி தானாக நழுவி மூடிக்கொள்கிறது என்ற நினைப்பில் சனிக்கிழமைதோறும் அவர் அதை இழுத்துத் திறந்து தொட்டியைக் காலி செய்துவிட்டு, கோட்டையைப் பிடித்தவர் தோரணையில் உள்ளே வந்து கை கழுவுவார். அந்த நேரம் பார்த்து மனைவி கால்மிதியை எடுத்துக்கொண்டு உதறுவதற்காக வெளியே போவாள். "அதுல அப்படி என்ன மண்ணு சேருது?" என்று கிண்டல் செய்திருக்கிறார். அவள் சிரித்துக்கொண்டே போவாள். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் எப்படிக் குனிந்தாளோ! முதல் வாரமே அவரிடம் சொல்லியிருப்பாள். 'நாப்பது வருஷம் லாரி ஓட்டினவனுக்கு நீ பாடம் எடுக்கறியா' என்று இவர் எரிந்து விழுந்திருப்பார். அது அவருக்கு நினைவில்லை, ஆனால் தன் வாய் அவருக்குத் தெரியாதா? குழாய்க்காரர் போன பிறகு அந்தப் பிடியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாமே, சண்டை போட்டாவது சொல்லியிருக்கலாமே என்று அவள் மேல் கோபமாகக்கூட வந்தது.

அந்த வாரம் முழுக்க வேலைதான். பிடியை மூடி, தொட்டி நிறையத் தண்ணீரும் சோப்புத்தூளும் விட்டு ஊறவைத்தார். உள்ளே இருப்பது குலுங்கிக் கரைய வேண்டும் என்று குழாய்க்காரர் சொன்னதால், மைதானத்துக்குப் பின்னால் இருந்த குண்டும் குழியுமான சாலையில் வண்டியை ஓட்டினார். ஆயுள் முழுக்கப் பள்ளத்துக்கு விலகி ஓட்டிய மனிதர் ஒரு பள்ளத்தையும் விடாமல் இறக்கி ஏற்றினார். மூன்று முறை நிரப்பி மூன்று முறை காலி செய்தார். கூரை மேல் ஏறி, காற்றுக் குழாயை அடைத்திருந்த பழைய பறவைக் கூட்டை எடுத்துப் போட்டார். கடைசியில் தொட்டியில் இரண்டு வாளித் தண்ணீரை விட்டுப் பிடியை மூடினார். சனிக்கிழமை குழாய்க்காரர் வந்து மோந்துவிட்டு, "சுத்தம்ணே" என்றார். நாளெல்லாம் சாக்கடையோடு பழகும் மூக்கை எவ்வளவு தூரம் நம்புவது என்று லாரிக்காரருக்குக் கவலையாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். படி ஏறினாள். கைக்குட்டையை எடுக்கவில்லை. கழிவறைக் கதவைத் திறந்து, மூடியைத் தூக்கிக் குனிந்து பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லப்பா" என்று படுக்கையில் வந்து உட்கார்ந்தாள். "சரி, இங்கேயே இருங்க. நான் மாசத்துக்கு ஒரு தடவை வந்து பாத்துக்கறேன்."

அவர் ஜெயித்துவிட்டார். டீயைப் போட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் இத்தனை நாளும் ஒன்று அவர் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. கழிவறைச் சுவரை ஒட்டித்தான் மனைவியுடைய துணி அலமாரி இருந்தது. கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று தெரியும். கேட்காமலும் இருக்க முடியவில்லை. அலமாரியைத் திறந்து மனைவியின் சாம்பல் நிற ஸ்வெட்டரை எடுத்து மகளிடம் நீட்டினார்.

"இதை மோந்து பாரும்மா. அந்த நாத்தம் இதுல ஏறிடுச்சா? இல்ல, இன்னும் அம்மா வாசந்தான் இருக்கா?"

"நீங்களே பாருங்களேன்" என்று சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்தினாள். அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, கசிந்தாலும் அவருக்குத் தெரியாத கேஸ் அடுப்பைப் பார்த்தாள்.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமா. அம்மாவுக்குத் தெரியும்."

மகள் ஸ்வெட்டரை வாங்கி முகத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். வெகு நேரமாகியும் எடுக்கவில்லை. அவள் தோள்கள் குலுங்கின. அவர் அலமாரிக் கதவை ஒரு கையால் பிடித்தபடி அவள் முன்னால் நின்றார்.

"சொல்லும்மா" என்றார். "இருக்கா?"