மாலை போட்டவன் பிடித்த கோழிக்கடை

உமாராணிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, பேச்சு குறையும். அன்று விடிந்ததிலிருந்து அவள் வாயிலிருந்து வந்தது நாலே வார்த்தை. அதிலும் இரண்டு பால்காரருக்குப் போய்விட்டது. பன்னிரண்டு வருடம் குடும்பம் நடத்திய ஜெயகணேஷுக்கு இதன் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும். அவனோ சிவப்பு வேட்டியும் கழுத்தில் மாலையுமாக, கம்பெனி ஆள் வருகிறான் என்று வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தான்.

துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் பதினோரு வருடம் காகிதம் பார்த்தவள் உமாராணி. கப்பலில் வந்த பெட்டி ஒருநாள் கூடுதலாகக் கிடந்தால் யார் தலையில் என்ன விழும் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் படித்துச் சொல்வது அவள் வேலை. ஆபீஸ் கைமாறியபோது ஏழரை லட்சத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் ஒரு சிக்கன் கடை வைக்கலாம் என்றான் ஜெயகணேஷ். அவளும் சரி என்றாள்.

பெயர்பெற்ற கம்பெனியின் கிளையாக எடுத்து நடத்த இரண்டு கம்பெனி பார்த்தார்கள். ‘ரெட் சேவல்’ பதினாலு லட்சம் கேட்டது. விற்பனையில் ஏழு சதவீதம் அவர்களுக்கு. ஆனால் இரண்டு மாதம் ஆள் வந்து தங்கிச் சொல்லிக் கொடுப்பான், அடுப்பு கெட்டால் வேறு அடுப்பு வரும். ‘கொக்கரக்கோ’ ஆறே லட்சம். சதவீதம் கிடையாது, ‘முழு ஆதரவு’ உண்டு. ஜெயகணேஷுக்கு அந்த ஆறு மட்டும் கண்ணில் பட்டது. அவளுக்கோ கீழே இருந்த வரி கண்ணில் குத்தியது. வாரம் நூற்றைம்பது கிலோ மசாலா தடவிய கோழி கம்பெனியிடமே வாங்கியாக வேண்டும், விற்றாலும் விற்காவிட்டாலும்.

விளம்பரத் தாளில் இருந்த பதினோரு கிளைகளுக்கும் அவளே போன் போட்டாள். நாலு பேர் எடுக்கவில்லை. மூன்று பேர் கடையை மூடிவிட்டார்கள். அதில் ஒருவர், “முழு ஆதரவுன்னா ஒரு போன் நம்பர்தாம்மா” என்றார். அன்றே வேண்டாம் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

ஜெயகணேஷ் அம்மனிடம் போய்விட்டான். கோழிக்கடை அமைய வேண்டும் என்று குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்து மாலை போட்டான். நாற்பத்தோரு நாள் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. தசராவுக்குக் கொடியேறியதும் போலீஸ் வேஷம் கட்டித் தெருத்தெருவாகக் காணிக்கை எடுப்பான். கோழி விற்கப் போகிறவன் கோழியைத் தொடாமல் இருக்க நேர்ந்துகொண்ட கூத்தை எங்கே போய்ச் சொல்வது? ஆனாலும் அம்மன் காரியம். உமாராணி தினமும் நாலு மணிக்குக் குளித்து அவனுக்கு விரதச் சோறு பொங்கிக் கொடுத்தாள்.

அன்று பதினோரு மணிக்கு, அவள் வேண்டாம் என்ற பிறகும் ஜெயகணேஷ் வரச்சொல்லியிருந்த கொக்கரக்கோ கம்பெனி ஆள் சென்னையிலிருந்து வந்தான். கழுத்தில் டை, தோளில் பை, கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. உட்கார்ந்ததும் பெட்டியைத் திறந்தான். பொரித்த கோழி வாசனை கூடம் முழுக்க அடித்தது.

“டேஸ்ட் பாருங்க சார். அப்புறம் பேசுவோம்.”

ஜெயகணேஷ் பதறி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான். “ஐயோ, மூடுங்க சார்! மாலை போட்டிருக்கேம்லா!”

“சாரி சார். எனக்குத் தெரியாது.”

“தெரியாதுல்லா?” உமாராணி அப்போதுதான் வாய் திறந்தாள். “இங்க இருந்து குலசை வரைக்கும் வீட்டுக்கு ஒருத்தராவது மாலை போட்டிருக்காவ. அந்த வீட்டுல அடுப்புல கறி ஏறாது. அந்த நாப்பது நாளும் வாரம் நூத்தம்பது கிலோ யாரு திங்க?”

“ஃபெஸ்டிவல் சீசன்ல சேல்ஸ் டபுள் ஆகும் மேடம்.”

“கடைக்காரரே சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்காரு. மொதல்ல அவருக்கு ஒரு துண்டு வித்துக் காட்டுங்க.”

“ஏளா உமா, சும்மா இரு,” என்றான் ஜெயகணேஷ். குரலில் ஏதோ பயம் இருந்தது.

கம்பெனி ஆள் சிரித்தபடியே ஒரு தாளை நீட்டினான். “இப்ப யோசிக்க என்ன இருக்கு மேடம்? சார்தான் ஏரியா புக் பண்ணிட்டாரே. ரெண்டு லட்சம் அட்வான்ஸ். உங்க பேர்லதான் ரசீது.”

உமாராணி ரசீதைப் படித்தாள். போன வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஒரு லட்சம், அவள் கணக்கிலிருந்து, அவள் போனிலிருந்து. மகள் பிறந்த வருடத்தையே ரகசிய எண்ணாக வைத்திருந்தாள். வந்த குறுஞ்செய்திகளை அவன் அழித்திருக்கிறான். அவள் விரதச் சோறு பொங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் செய்திருக்க வேண்டும்.

“என் கையெழுத்து எங்க?” என்று கம்பெனி ஆளிடம் கேட்டாள்.

“சார் போட்டதே போதும்னு... முன்பணம் திரும்பக் கிடையாது மேடம். பதினாலாவது ஷரத்து.”

அவள் மகளுடைய நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுத ஆரம்பித்தாள். என் கணக்கிலிருந்து எனக்குத் தெரியாமல் இரண்டு லட்சம் எடுக்கப்பட்டிருக்கிறது. வாங்கிய கம்பெனி கொக்கரக்கோ. எடுத்தவர் என்ற இடத்தில் பேனா ஒரு நிமிடம் நின்றது. பிறகு எழுதினாள்: என் கணவர், ஜெயகணேஷ்.

“என்னளா எழுதுத? என் பேரையா?”

“நீங்க இன்னும் பத்து நாள்ல போலீசு வேஷம் கட்டப் போறிய. அதுக்கு முன்னால நெசப் போலீச நான் பாத்துட்டு வாரேன்.”

“கடை வரணும்னுதானளா செஞ்சேன். அம்மன் மேல ஆணையா...”

“அம்மன இழுக்காதிய. மாலையைக் கழுத்துல போட்டுக்கிட்டுத்தான் பொண்டாட்டி போனைத் தொறந்திய.”

அவள் காலில் செருப்பை மாட்டியதும் கம்பெனி ஆளின் சிரிப்பு நின்றது. போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான். கையெழுத்து இல்லை, கேஸ் என்கிறார்கள் என்று யாரிடமோ கெஞ்சுவது உள்ளே கேட்டது. திரும்பி வந்தவன், மூன்று நாளில் பணம் முழுதும் வந்துவிடும் என்றான். அவள் அதையும் அவன் கையாலேயே ரசீதின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டாள். பெட்டியையும் எடுத்துப் போகச் சொன்னாள்.

ஜெயகணேஷுக்கு மூச்சு வந்தது. “அதான் பணம் வருதுல்லா. அந்தத் தாளக் கிழிச்சிரு உமா.”

உமாராணி தாளை நாலாக மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“பணம் வந்த பெறவும் கிழிக்க மாட்டேன்.”

மறுநாள் காலை நாலு மணிக்கு அவள் எழுந்திருக்கவில்லை. விரதச் சோற்றை அவனே பொங்கிக்கொண்டான்.