லாரியில் சிரித்தவன்

ஜூன் இருபத்தைந்து வந்துவிட்டால் எங்கள் வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. எங்கள் நாட்டுச் சுதந்திர தினமாயிற்றே, நாட்டுப்பற்று பொங்கி வருகிறார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முவனஷா அக்கா தன் புருஷனைத் திட்டுவதைக் கேட்கத்தான் தெருவே திரண்டு வரும். திட்டு வாங்குகிற ஊசுமானே டெலிவிஷனுக்குள் இருப்பான்.

ஒவ்வொரு வருஷமும் அதே படம்தான். சுதந்திரம் வந்த எழுபத்தைந்தில் அரசாங்கப் படக்காரர்கள் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். காட்டிலிருந்து விடுதலைப் படை ஊருக்குள் வரும். கொடி பறக்கும். பெண்கள் குலவையிடுவார்கள். கனத்த குரலில் ஒருவன் "மக்கள், மக்கள்" என்று முழங்கிக்கொண்டே இருப்பான். அந்த மக்களில் யார் வீட்டு ஆள் திரும்பி வரவில்லை என்று மட்டும் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வராது. அதற்குப் பிறகு எங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு செத்தோமே, அந்தச் சண்டையையும் நான் டெலிவிஷனில் அதிகம் பார்த்ததில்லை. என் எரிச்சல் இருக்கட்டும். படத்தின் நடுவில் ஒரு லாரி வரும். அதன் பின்புறம் நிற்கும் வீரர்களில், ஓரமாக நிற்கிற ஒரு பையன் தொப்பியைக் கழற்றி, நேராக நம்மைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டுவான். லாரி போய்விடும்.

அவன்தான் ஊசுமானே என்று முதலில் கண்டுபிடித்ததும் முவனஷா அக்காதான். அப்போது எங்கள் ஊர் அங்கோஷேயில் டெலிவிஷன் ஏது? நாங்கள் இருவரும் முந்திரி ஆலையில் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தோம். படம் காட்டும் வண்டி ஊர் ஊராக வந்த காலம் அது. ஆலையின் வெள்ளைச் சுவர்தான் திரை. பொழுது சாய்ந்ததும் மணலில் உட்கார்ந்து, சுட்ட மரவள்ளியைக் கடித்துக்கொண்டு பார்ப்போம். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு முந்திரிப் புகை வாசம் வருகிறது. கையெல்லாம் கொட்டைப் பால் பட்டு வெந்திருந்தது, வயிறு பாதி காலி. ஆனாலும் அப்படிச் சிரித்த காலம் அப்புறம் எனக்கு வாய்க்கவில்லை.

சுவரில் லாரி வந்தது. முவனஷா அக்கா துள்ளி எழுந்தாள்.

"ஊசுமானே! ஏய், இது எங்க வீட்டு ஆளு!"

கல்யாணமாகி இரண்டு அறுவடைகூடக் காணாமல், வெள்ளைக்காரனோடு சண்டை போட வடக்கே ஓடிப்போனவன் ஊசுமானே. படம் மங்கல். போதாததற்கு மழை பெய்கிற மாதிரி கீறல். இருந்தாலும் அந்த நெடுநெடு உயரமும், தலையை ஒரு பக்கம் சாய்க்கிற தோரணையும் அவனேதான் என்று எல்லோரும் சொன்னோம். படம் ஓட்டுகிறவரைப் பெண்களெல்லாம் சூழ்ந்துகொண்டோம். மறுபடி ஓட்டாவிட்டால் வண்டி ஊரைத் தாண்டாது என்று மிரட்டினோம். மனிதர் பயந்துபோய் மறுபடி ஓட்டினார். அக்கா சுவருக்கே போய், அவன் முகம் வரும் இடத்தில் கையை வைத்தாள். முகம் அவள் கையின் மேல் விழுந்தது.

அவன் பிழைத்துவிட்டான், சுதந்திரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டான் என்று அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இன்று வருவான், நாளை வருவான் என்று வாசலைக் கூட்டிக் கூட்டி வைத்தாள். அவன் வரவில்லை. நம்புலா ராணுவ முகாமுக்கே போய்க் கேட்டாள். அப்படி ஒரு பேரே இங்கில்லை என்றார்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா?

"வடக்கே மேட்டு நிலத்துல எவளோ மக்கோண்டேக்காரி பிடிச்சுப் போட்டுட்டா. கன்னத்துல கோடு கோடா வெட்டிக்கிட்டு நிப்பாளுங்களே, அதுல மயங்கிட்டான்" என்று என் புருஷன் மொமாதியே சொன்னார்.

படகுக்காரர் ஒருவர், தங்கமான மனிதர், அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்தார். "என் ஆளு உயிரோட இருக்கான். லாரியில நின்னு இளிக்கிறான், பாக்கலையா?" என்று அனுப்பிவிட்டாள். ஊசுமானேயின் தங்கை வந்து, அண்ணனுக்கு மாவு வைத்துவிடலாம் என்றாள். செத்தவர்களுக்கு மரத்தடியில் சோள மாவு வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். அக்கா சாமியாடிவிட்டாள். உயிரோடு இருக்கிறவனுக்கு மாவு வைத்தால் அவன் திரும்பும் வழி அடைபட்டுப் போகும் என்றாள்.

பிறகு எங்கள் வீட்டுக்கு டெலிவிஷன் வந்தது. சுதந்திர தினத்தன்று முவனஷா அக்கா இடுப்பில் புது கப்புலானாத் துணி கட்டி, முசிரோ கட்டையைக் கல்லில் உரைத்துச் சந்தனம் போல முகமெல்லாம் வெள்ளையாகப் பூசிக்கொண்டு, முன்வரிசையில் வந்து உட்காருவாள். லாரி வந்ததும் ஆரம்பிப்பாள்.

"இளிப்பப் பாரு! வீட்டுக்கு வர்ற வழி மறந்துபோச்சாடா? நாட்டுக்கு விடுதலை வாங்கிக் குடுத்தியே, எனக்குக் குடுத்தியா? கொட்டை உடைச்சு உடைச்சு என் கை ரேகையே அழிஞ்சுபோச்சு. நீ தொப்பியக் கழட்டி ஷோக்கு காட்டுற! பல்லு அத்தனையும் கொட்டித்தான் போகணும்!"

வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். லாரி போன பிறகும் கால் மணி நேரம் திட்டு ஓயாது.

"உன் ஆளு வருஷத்துக்கு ஒரு தடவையாச்சும் சிரிச்ச முகமா வர்றாரு அக்கா. என் ஆளு தினமும் வந்து உயிர வாங்குறாரு" என்பேன்.

"உன்னோடத எனக்குக் குடுத்துடு ரெஹேமா. திட்டுறதுக்குக் கையெட்டுற தூரத்துல ஆள் இருந்தா எவ்வளவு சௌகரியம்" என்பாள்.

நாற்பதாவது சுதந்திர தினத்துக்கு மருமகன் சுவர் அகலத்துக்கு ஒரு டெலிவிஷன் வாங்கி வந்தான். அக்காவின் முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. கைத்தாங்கலாக அழைத்து வந்து உட்கார வைத்தோம். முசிரோ மட்டும் குறைவில்லாமல் பூசியிருந்தாள். படம் தொடங்குமுன் டெலிவிஷனில் ஒரு பையன் வந்து பேசினான். பழைய படச்சுருளை வெளிநாட்டுக்கு அனுப்பி, கீறலெல்லாம் துடைத்துப் புதிதாக்கி வந்திருக்கிறார்களாம். முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினான்.

படம் முழுக்கத் தேடி, லாரியில் சிரித்த முகத்தையா எடுத்துப் போட வேண்டும் பாவிகள்!

ஒரு பக்கம் நாங்கள் இத்தனை வருஷமாகப் பார்த்த மங்கல் முகம். இன்னொரு பக்கம் பளிச்சென்று ஒரு பையன். வியர்வை தெரிந்தது, மீசை அரும்பியது தெரிந்தது. மக்கோண்டே ஆட்கள் சின்ன வயதிலேயே வெட்டிக்கொள்ளும் கோடுகளும் இரண்டு கன்னத்திலும் வரிசை வரிசையாகத் தெரிந்தன. அந்தக் கோடுகள் எங்கள் மக்குவா ஆட்கள் முகத்தில் இருக்காது. ஊசுமானே முகத்தில் இருந்ததே இல்லை.

சிரிக்கத் தயாராக வந்த கூட்டம் அக்காவையே பார்த்தது.

"அது கீறல் அக்கா. பழைய ஃபிலிம் பாரு, சரியாத் துடைக்கல" என்றேன்.

"கீறலையெல்லாம் துடைச்சுட்டோம்னு இப்பத்தானேடி சொன்னான்" என்றாள்.

படம் ஓடியது. லாரி வந்தது. பையன் தொப்பியைக் கழற்றிச் சிரித்தான். அக்கா திட்டவில்லை. லாரி மறைந்த பிறகு மெல்லத் திரும்பினாள். கண்ணீர் முசிரோவைக் கரைத்துக்கொண்டு இறங்கியது.

"யாரு பெத்த புள்ளையோ. பாவம், வருஷா வருஷம் என்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டான்."

"அழாத அக்கா."

"என்னமோ எல்லாரும் சொன்னீங்களே, மக்கோண்டேக்காரி பிடிச்சுக்கிட்டான்னு. என் ஆளு எங்கயும் போகலடி. சுதந்திரம் வர்றதுக்கு முன்னாடியே காட்டுலயே முடிஞ்சிருக்கான். உசிரு இருந்திருந்தா வந்திருப்பான்டி. வந்திருப்பான்!"

கடைசிச் சொல்லைச் சொல்லும்போது அவள் முகத்தில் அழுகையோடு ஒரு கர்வமும் இருந்தது. என் புருஷன் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். நானும் அழுதேன். அவளுக்காகவா, அந்தப் படகுக்காரருக்காகவா, மணலில் உட்கார்ந்து சிரித்த எங்கள் வயதுக்காகவா, தெரியவில்லை.

அந்த வாரமே மாவு வைத்தோம். அக்கா குடும்பத்திலும் ஊசுமானே குடும்பத்திலும் இப்போது மூத்தவள் அவள்தான், எனவே அவளே வைக்க வேண்டும். கறுப்புத் துணி கட்டியிருந்தாள். மரத்தடியில் மண்டியிட்டு, கைநிறையச் சோள மாவை எடுத்தாள்.

"ஊசுமானே" என்று கூப்பிட்டாள்.

பழக்க தோஷம், திட்டு வரும் என்று நாங்களும் காத்திருந்தோம்.

"சொல்லு அக்கா" என்றேன்.

"என்னத்தச் சொல்றது? வெச்சிருந்த திட்டையெல்லாம் அந்தப் பையனுக்கே குடுத்துத் தீத்துட்டேன். இவனுக்குக் குடுக்க நல்ல வார்த்தைதான்டி மிச்சமிருக்கு" என்றாள். பிறகு கூச்சத்தோடு எங்களைப் பார்த்தாள். "நீங்கல்லாம் கொஞ்சம் தள்ளிப் போங்க."