360.360-இல் ஒரு புள்ளி

அரை மதிப்பெண்ணுக்காக இன்று மாலை வகுப்பில் என் மானம் போனது. வரிசையாக எழுதினால்தான் தவறு எங்கே தொடங்கியது என்று எனக்கே புரியும்.

பகலில் இறால் ஆலையில் தோல் உரிக்கிறேன். எடை பார்க்கும் பிரிவுக்கு மாற பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். ஆண்டிறுதித் தேர்வில் உட்கார, வகுப்புத் தேர்வில் பத்துக்கு ஐந்து மதிப்பெண்ணாவது வேண்டும். கணக்கு எடுக்கும் கியெம் சார் திருப்பிக் கொடுத்த என் தாளில் நாலரை.

சறுக்கியது கடைசிக் கேள்வியில்: "360.360-க்கு எத்தனை வகுத்திகள்?" எங்கள் நாட்டில் ஆயிரத்தைப் பிரிக்கவும் புள்ளிதான், பெருக்கலுக்கும் புள்ளிதான். நான் அதை ஒரே எண்ணாகத்தான் படித்தேன்: மூன்று லட்சத்து அறுபதாயிரத்து முன்னூற்று அறுபது. பகா எண்களாக உடைத்தேன். வகுத்திகள் 192 வந்தன. மூன்று தடவை சரிபார்த்தேன். பிறகு பக்கத்தில் லாமின் தாள் கண்ணில் பட்டது. 105. மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் லாம் எதையும் தயங்காமல் எழுதுவான். நான் 192-ஐ அழித்துவிட்டு 105 என்று எழுதினேன்.

சரியான விடை 192.

லாம் எழுந்தான். "சார், இது அநியாயம். முந்தின கணக்குல 12.15ன்னு போட்டு பெருக்கச் சொன்னீங்க. இந்தப் புள்ளி மட்டும் எப்படி சார் ஆயிரமாச்சு?"

"ஏம்ப்பா, ஒண்ணுலேருந்து பதினஞ்சு வரைக்கும் எதால வகுத்தாலும் மீதி வராத எண்ணு அது! அதுக்காகவே தேடிப் போட்டேன். 360ஐ 360ஆல பெருக்கினா ஏழால கூட வகுபடாது. அத எவன் கேப்பான்?"

"அதெல்லாம் உங்க மனசுல இருந்துச்சு சார். தாள்ல புள்ளிதான் இருந்துச்சு."

சார் சாக்பீஸை மேசையில் போட்டார். "சரி, தொலையுது. பெருக்கலாப் படிச்சு முறையாச் செஞ்சவங்களுக்கு முழு மார்க். 105 போட்டவங்க தாளைக் கொண்டாங்க."

ஒன்பது பேர் போனோம். என் தாளை அவர் இரண்டு முறை பார்த்தார்.

"தோவா, என்னம்மா இது? மேல செஞ்சதெல்லாம் என் எண்ணுக்கு. கீழ இருக்குற விடை அவன் எண்ணுக்கு. இந்த 105 எங்கேருந்து வந்துச்சு?"

பெருக்கும்போது தவறிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அந்த வழியில் எப்படித் தவறினாலும் 105 வராது. அது அவருக்கும் தெரியும். காப்பி என்றால் அந்தக் கேள்விக்குச் சுழியம்.

"லாம் தாள்லேருந்து, சார்."

வகுப்பே சிரித்தது. லாம்தான் அதிகம். "அடப் பாவி, என்கிட்டேருந்தா? என் விடைய நானே நம்ப மாட்டேனே!"

"இருபது வருஷமா காப்பியடிக்கிறவங்களப் பாக்கறேன்," என்றார் சார். "சரியானத அழிச்சிட்டு காப்பியடிச்சவ நீ ஒருத்திதான். விடைக்கு ஒண்ணும் கிடையாது. வழி உன்னோடது, அதுக்கு அரை மார்க்."

ஐந்து. அதே கேள்விக்கு லாமுக்கு முழு மதிப்பெண்!

"கீழ சரியான விடைய எழுதிட்டுப் போ."

பேனாவை எடுத்தேன். எழுதும் முன் ஓரத்தில் மறுபடி பெருக்கத் தொடங்கினேன்: நான்கு, மூன்று, இரண்டு, இரண்டு...

"இன்னும் என்னத்தம்மா எண்ணுற?"

"ஒரே ஒரு தடவை, சார்."

பின்னால் நின்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.